கணவர்: நார்மல்

அண்ணனின் ரத்த அறிக்கையில் வைட்டமின் டி ஏழு என்று வந்தது. இருபதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. முட்டி வலிக்கிறது, படி ஏறினால் தொடை கனக்கிறது என்று நான் வேலை செய்யும் லேபுக்கே வந்து ரத்தம் கொடுத்திருந்தான். எனக்கு ஆச்சரியமில்லை. பெரிய வணிக வளாகத்தின் மூன்றாவது அடித்தளத்தில் கார்களுக்கு இடம் காட்டுகிற வேலை அவனுக்கு. விடியுமுன் இறங்குவான், இருட்டியபின் ஏறுவான். கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் காளான் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். நான் படிக்கத்தான் அவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தக் குழிக்குள் போனான். அதை இதுவரை யாரும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அவனுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. அண்ணியைக் குடையாத இடமில்லை. ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே. அன்றைக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வீட்டுக்குள் வந்தார், மறுநாள் தையல் ஆலைக்கு வேலைக்குப் போனார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வந்தது. அண்ணனிடம் கேட்டது ஒரே ஒரு பரிசோதனை. ஒரு சின்ன டப்பா, தாழ்ப்பாள் போட்ட அறை, பத்து நிமிடம். ஊசிகூடக் கிடையாது. ஒன்றரை வருடமாக அந்தச் சீட்டு அவன் பர்ஸில் மடிந்து கிடக்கிறது. இப்போது, வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், அண்ணியின் வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள்.

அந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு அதிபுத்திசாலி யோசனை வந்தது. விந்தணு என்று வாயைத் திறந்தால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். வைட்டமின் மரியாதையான வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன்.

"வைட்டமின் டி குறைஞ்சா எலும்பு மட்டும் இல்லம்மா, ஆம்பளைங்களுக்குக் குழந்தை விஷயத்துலயும் குறை வரலாம்னு சொல்றாங்க. ஒரு டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடும்."

அம்மா முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டாள்.

"பாத்தியா! என் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. வெயில்தான் குறை!"

அவ்வளவுதான். அண்ணனை லீவு போட வைத்தாள். தினமும் மதியம் மொட்டைமாடியில் சட்டையில்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவன். பக்கத்து மாடிக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன தம்பி, உங்கம்மா உன்னையும் துவைச்சுக் காயப்போட்டுட்டாங்களா?" என்றார். வாரத்துக்கு ஒரு பொட்டலம் என்று எழுதிக்கொடுத்த மருந்துத் தூளை, "தினம் ஒண்ணு போட்டா சீக்கிரம் ஏறுமில்ல?" என்று அம்மா கேட்டதும், மிச்சத்தை என் கைப்பையில் போட்டுப் பூட்டினேன்.

"சரி, அப்போ அண்ணி ஆபரேஷனைத் தள்ளி வைக்கலாமா?"

"அது எதுக்கு? அவனுக்கு வெயிலு, அவளுக்கு ஆபரேஷன். ரெண்டு பக்கமும் பாத்துடணும்ல."

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. லேபில் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் தானாக ஆடியது. ஒரே அறிக்கையை மூன்று தடவை சரிபார்த்தேன். லீவு முடிந்து அண்ணன் மறுபடி அடித்தளத்துக்கு இறங்கினான். நாள் நெருங்கியது.

புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும்போது அண்ணியின் ஃபைலைப் புரட்டினேன். போன மாதப் பக்கத்தில் டாக்டர் கையெழுத்தில் ஒரு வரி: 'கணவர்: நார்மல் (குடும்பத்தினர் சொன்னது)'.

"இதை யாரும்மா சொன்னது?"

அம்மா துண்டை மடிப்பதை நிறுத்தவில்லை. "நான்தான். அவ திரைக்குப் பின்னாடி துணி மாத்திக்கிட்டு இருந்தா. டாக்டரம்மா அவனைக் கூட்டிட்டு வாங்கன்னு ஒரே நச்சரிப்பு. நாலு பேர் முன்னாடி என் பிள்ளை மானம் போகணுமா?"

"அண்ணி வயிறு கிழியலாமா?"

"பொம்பளைக்கு இதெல்லாம் பழகிப்போகும்டி."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது அடித்தளத்தில் புகையும் டயர் நாற்றமும். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு அண்ணன் ஒரு வெள்ளைக் காரைப் பின்னால் வரச்சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, இங்க எதுக்கு வந்த? மூச்சு முட்டும்."

"டப்பா கொண்டாந்திருக்கேன்."

"பைக்குள்ள வைடி! யாராச்சும் பாக்கப் போறாங்க. வாங்க சார், வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க."

"தினம் இருபது பேர் வந்து குடுத்துட்டு, டீ குடிச்சிட்டுப் போறாங்க. உனக்கு மட்டும் என்னண்ணா?"

"அவங்க யாருக்கும் தங்கச்சி மைக்ராஸ்கோப்ல பாக்கலியே."

ஒன்றரை வருடமாக அம்மாவைத் திட்டினேன், அவனைத் திட்டினேன். நடுவில் நின்றது நான்.

"வேற லேப்ல குடு."

"எங்க போனாலும் உன்கூடப் படிச்சவங்கதானே உக்காந்திருப்பாங்க. உன்னைப் படிக்க வெச்சதுக்கு..."

"சொல்லு. முடி."

"ஒண்ணுமில்ல. பின்னாடி வண்டி வருது, தள்ளு." டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டான். "அவளுக்கு ஆபரேஷன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா நான் குடுக்கறேன். சத்தியமா."

"முதல்ல அவங்களை அறுத்துப் பாத்துட்டு, அப்புறம் உன் டப்பாவா?"

மேலே ஹாரன் அடித்தது, அவன் போய்விட்டான்.

சாயங்காலம் அண்ணி துணி அலசிக்கொண்டிருந்தார். இரண்டு நாளைக்கு முடியாது என்று எல்லாவற்றையும் சேர்த்துத் துவைக்கிறார். நான் குழாயை மூடிவிட்டு ஒரே மூச்சில் கொட்டினேன். ஃபைலில் இருந்த வரி, பர்ஸில் இருக்கும் சீட்டு, அடித்தளத்தில் அவன் சொன்னது, எதையும் விடவில்லை.

"வைட்டமின் பத்தி நான் சொன்னதும் பாதிதான் அண்ணி. அது குறைஞ்சவங்களுக்கு விந்தணு மந்தமா நகருதுன்னு சில ஆய்வுல இருக்கு. ஏத்திக்கிட்டா குழந்தை வந்துடும்னு யாரும் நிரூபிக்கல. டெஸ்ட் எடுக்காம எதுவும் தெரியாது. உங்களுக்கு இந்த ஆபரேஷன் நாளைக்கே வேணும்னு ஒண்ணுமில்ல."

அண்ணி ஈரச் சட்டையை உதறினார். அண்ணனின் சட்டை.

"சீட்டு பர்ஸ்ல இருக்குன்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஒன்றரை வருஷமா."

"டாக்டர் முதல்ல அவரைத்தான் கேட்டாங்கன்னும் தெரியும்ல?"

"ம்."

"படிச்ச பொண்ணு. நீயுமா இவ்வளவு நாள் மானம் பாத்த?"

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலை ஆறரைக்கு வாடகை வண்டி வாசலில் வந்து நின்றது. அம்மா இஸ்திரி போட்ட சேலையில், பையோடு தயார். அண்ணன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். சமையலறையில் தட்டுச் சத்தம் கேட்டது.

அண்ணி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்கு துண்டு ரொட்டி, இரண்டு அவித்த முட்டை, டம்ளர் நிறைய டீ.

"அடிப்பாவி! வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களே!"

"ஆமாத்தை. அதான் சாப்பிடுறேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதாண்டி சொல்லிக் குடுத்த!"

"ஆமா, நான்தான். ஒன்றரை வருஷம் லேட்டா."

அண்ணி ரொட்டியை டீயில் தோய்த்தார். ரொட்டி பாதி டீக்குள் விழுந்தது. கரண்டியால் எடுத்துத் தின்றார்.

"என்னங்க, வண்டியைத் திருப்பி அனுப்ப வேணாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லேப் இருக்கு, ஏழு மணிக்குத் திறக்கிறாங்க. நேத்தே போன் பண்ணிட்டேன். எல்லாருமே ஆம்பளைங்களாம், உங்க தங்கச்சி கூடப் படிச்சவங்க யாரும் இல்லையாம். அதையும் கேட்டுட்டேன்."

"அதையா கேட்ட?" என்றான் அண்ணன்.

"நாலு வருஷமா என்னென்னவோ என்னைக் கேட்டாங்க. நான் இதைக் கேட்டா என்ன?"

அம்மா பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பர்ஸின் வெல்க்ரோ கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் காகிதம் பிரிகிற சத்தம்.

"நீயும் கூட வரியா?" என்றான், அண்ணியிடம்.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"இன்னொரு முட்டை இருக்கு," என்றார் அண்ணி. "முடிச்சிட்டு வரேன். நில்லுங்க."