தேவிப்ரியாவின் குதிகால்

…அழுத்தாமல் விட்டிருக்கலாம், மூன்றாவது தடவையாவது, எழிலரசி பாயை இறுக்கிப் பிடித்தாளே அப்போதாவது, என்று நினைத்தபடி தேவிப்ரியா டாக்டர் கையிலிருந்த பிளாஸ்டிக் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் அதன் கணுக்காலின் வெளிப்பக்கம் விரலை வைத்து, எலும்பை எலும்போடு பிடித்து வைக்கிற நார்கள் இவை, பாதம் உள்ளே மடங்கினால் முன்னால் இருக்கிற இதுதான் முதலில் கிழியும், கொஞ்சமாகக் கிழிந்ததைத் தேய்த்து, மறுநாளே ஓடவும் விட்டு முழுசாக அறுத்திருக்கிறீர்கள், யார் தேய்த்தது, என்றார், எழிலரசியின் அம்மா கன்னியம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள் தேவிப்ரியா, அப்படிப் பிறந்தவர்கள் குதிகாலால் நீவினால் சுளுக்கு இறங்கிவிடுமாம், தெருவில் யார் கூப்பிட்டாலும் தறியை நிறுத்திவிட்டுப் போவாள், இறங்கியும் இருக்கிறது, அல்லது தானாக இறங்கியதா… போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிய எழிலரசி மைதானத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்த அன்று கணுக்கால் பன் மாதிரி வீங்கி, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது, தேவிப்ரியா நீலத்தைப் பார்த்தாள்தானே, பார்த்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வாய் வரை வந்தது, "ஜல்தியா தேச்சி வுடுமா, நாளைக்கு ஓடணும்ல" என்றாள் கன்னியம்மாள், எழிலரசி அலறியதும், "போலீஸாவப் போறவ இப்டி கத்திகினு இருந்தா திருடன் சிரிப்பான்டி" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், தேவிப்ரியாவும்தான்.

ஆறு வாரம் ஓடவே கூடாதாம், ஓட்டத் தேர்வோ அடுத்த மாதம், அதற்கடுத்த தேர்வுக்குள் எழிலரசிக்கு வயசு தாண்டிவிடும், அவள் அழக்கூட இல்லை, ஆஸ்பத்திரிப் படியில் ஒற்றைக் காலில் நின்று தேவிப்ரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், "நீ ஏன்டி பேஜாராவுற, நான்தான காலை நீட்டுனேன்", எப்படி இப்படிச் சொல்ல முடிகிறது இவளால், எழுத்துத் தேர்வில் இவள் பாஸானதும் தெருவுக்கே சாக்லேட் கொடுத்தார்களே, அன்று தேவிப்ரியா கொல்லைப்பக்கம் போய் அழுதாள், சந்தோஷம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், வேலை கிடைத்தால் பயிற்சி, பிறகு எந்த ஊரோ, சாயங்காலங்களில் பேச யார் இருக்கப்போகிறார்கள்… இல்லை, அதற்காக யாராவது… குதிகால் அதுவாகத்தான் அழுந்தியது, நீலத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்தது பழக்கத்தால்தான், ஆனால் ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னபோது நெஞ்சில் முதலில் வந்தது பயமா, துக்கமா, இரண்டுக்கும் முன்னால் ஏதோ ஒன்று, மெத்தென்று, தப்பித்த மாதிரி… அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வலிக்கிறது என்று எழிலரசி இன்னும் கொஞ்சம் அவள் மேல் சாய்ந்தாள்.