சூரியன் சிமிட்டட்டும்

நான்தான், உங்கள் வாண்டு பேசுகிறேன். இருபத்து நான்கு வயதாகியும் வீட்டில் அந்தப் பெயர் போகவில்லை. இப்போது ஏரிக்கரை விடுதியின் மாடி அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்கிறது. அக்கா, நீ முதலில் படித்துவிட்டு அம்மாவுக்கும் மாமாவுக்கும் வாசித்துக் காட்டு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைச் சோதித்துப் பார்க்கும் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. இங்கே ஸ்டூடியோ நடத்தும் நம் தமிழ் முதலாளியம்மா கையெழுத்துப் போட்டால் இந்த நாட்டிலேயே இருப்பேன். போடாவிட்டால் விசாவும் முடியும், நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கையெழுத்து ஒரே ஒரு படத்தில் தொங்குகிறது. இன்று காலை அந்தப் படத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். நாளைக் காலை இன்னொரு தடவை போகிறேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து மழை என்கிறார்கள்.

எங்கள் ஸ்டூடியோவில் கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் கிடையாது. மலை, ஏரி, வயல், வானம், இவ்வளவுதான். பெரிதாக அச்சடித்து ஹோட்டல்களுக்கும் ஆபீஸ்களுக்கும் கொடுப்போம். இந்தத் தடவை ஒரு ஆஸ்பத்திரி கேட்டிருக்கிறது. நோயாளியோடு வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்தில், எதிர்ச்சுவர் முழுக்க ஒரே படம். ஏரிக்கு அந்தப் பக்கம் சூரியன் எழ வேண்டும், இந்தப் பக்கம் புல்லுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை தெரிய வேண்டும். பாதை கட்டாயம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணாவது கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரட்டுமாம்.

மாமா உடனே கேட்பார், இதில் என்ன கஷ்டம், பட்டனை அமுக்க வேண்டியதுதானே என்று. மாமா, நம் கண் சூரியனையும் பார்க்கும், காலடியில் இருக்கிற புல்லையும் பார்க்கும். கேமராவால் அது முடியாது. ரொம்ப வெளிச்சத்துக்கும் ரொம்ப இருட்டுக்கும் நடுவே அது பிடிக்கிற தூரத்துக்கு ஒரு அளவு இருக்கிறது. டைனமிக் ரேஞ்ச் என்பார்கள். காலை வேளையில் வானமும் தரையும் அந்த அளவுக்குள் அடங்காது. மற்ற ஸ்டூடியோக்களில் வானத்துக்கு ஒரு படம், தரைக்கு ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவார்கள். எங்கள் முதலாளியம்மாவிடம் அந்தக் கதையே நடக்காது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தன் கையாலேயே 'ஒரே கிளிக்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடுவார். அதை நம்பித்தான் எங்களிடம் வருகிறார்கள்.

ஒரே கிளிக் என்றால் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா, உனக்குப் பால் காய்ச்சுகிற மாதிரி சொல்கிறேன். பொங்கி வழிந்த பால் போனது போனதுதான், அள்ள முடியாது. வெளிச்சம் அளவு மீறினால் அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும், அதற்குள் ஒன்றும் இருக்காது. இருட்டு அப்படியில்லை. அடியில் தங்கியதைச் சுரண்டி எடுப்பதுபோல அப்புறம் கொஞ்சம் மேலே கொண்டு வரலாம். ரொம்பச் சுரண்டினால் தீய்ந்த வாடை வரும், அவ்வளவுதான். வழிந்துவிடுமோ என்ற பயத்தில் சூடு ஏறுவதற்கு முன்பே அடுப்பை அணைக்கிற ஆள் நான்.

காலையில் என்னோடு வந்தது ஒட்டகம். கேமராவைத் தாங்கும் முக்காலியைச் சுமப்பதும் வேன் ஓட்டுவதும் அவன் வேலை. உயரத்துக்காக வைத்த பெயர், தூக்கிச் சுமப்பதற்கும் பொருந்திவிட்டது. இருட்டு விலகும் முன்பே கரையில் கேமராவை நிறுத்திவிட்டோம். இந்த கேமராவில் ஒரு வசதி உண்டு. படத்தில் எங்கே வெளிச்சம் வழிந்ததோ, அந்த இடம் மட்டும் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். அந்தச் சிமிட்டலைப் பார்த்தாலே நான் வெளிச்சத்தைக் குறைக்கப் போய்விடுவேன்.

சூரியன் விளிம்பு காட்டியதும் முதல் படம் எடுத்தேன். சூரியன் இருந்த இடம் சிமிட்டியது. முதலாளியம்மா பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தேன். அப்போதும் ஒரு துளி சிமிட்டல். இன்னும் குறைக்கலாமா என்று யோசிக்கும்போது போன் அடித்தது. அம்மா. கேமராவைத் தொட்டால் ஆடும் என்று அந்த போனில்தான் அதை இயக்கிக்கொண்டிருந்தேன், என்னையறியாமல் எடுத்துவிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்ட அதே மூச்சில், வேலை நிரந்தரமாகிவிட்டதா என்றும் கேட்டாள். ஆகிவிடும் அம்மா என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தக் கையெழுத்து ஒன்றுதான் கண் முன்னால் நின்றது. சிமிட்டல் முழுசாக நிற்கும்வரை, எடுத்ததை அழித்து அழித்துக் குறைத்துக்கொண்டே போனேன். ஒட்டகம் பார்த்துவிட்டு, "என்னடா, வானத்துக்குக் காவல் நிக்கிறியா? கீழ நானும் இருக்கேன், என்னையும் பாரு" என்றான்.

கேமராவின் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது. நேற்று உச்சிவெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றியவன், அதை இறக்க மறந்திருந்தேன். சுற்றி இருட்டு, நடுவில் டியூப்லைட் மாதிரி திரை. கரியைக் காட்டினாலும் வெள்ளையாகத் தெரியும். வெளிச்சத்தின் அளவைக் காட்டும் குட்டி வரைபடம் மூலையில் இருந்தது. மொத்தமும் இருட்டுப் பக்கமே குவிந்து கிடந்திருக்கும். சிமிட்டல் நின்ற சந்தோஷத்தில் நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் முதலாளியம்மா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். படத்தைப் போட்டேன். மேலே அழகான வானம், நடுவில் அச்சில் வார்த்த மாதிரி உருண்டையாகச் சூரியன். அதற்குக் கீழே கறுப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுல நிலம் எங்கப்பா?"

"கீழ இருக்கு மேடம். சூரியன் பத்திரமா இருக்கு."

"சூரியன யாரு உன்கிட்ட பத்திரமா வெச்சுக்கச் சொன்னா?"

பக்கத்து மேசையில் ஒட்டகம் வாயைப் பொத்திக்கொண்டான். அவர் தரையின் இருட்டை மெல்ல மேலே ஏற்றினார். பாதை வந்தது. ஆனால் அதன் மேல் மணலை அள்ளிக் கொட்டினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தது, புல்லெல்லாம் ஊதா நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. இதைச் சுவர் அளவுக்கு அடித்து மாட்டினால் துணைக்கு வந்தவர்களும் அட்மிட் ஆக வேண்டியதுதான் என்றார். அப்புறம், வேறு படமே எடுக்கவில்லையா என்று கேட்டார். முதலில் எடுத்ததும் அடுத்தடுத்து எடுத்தவையும் சிமிட்டின, அழித்துவிட்டேன் என்றேன்.

"எது சிமிட்டுச்சு? சூரியன் மட்டுமா, சுத்தி இருக்கிற மேகமுமா?"

"சூரியன் மட்டும்தான் மேடம்."

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, சூரியனைத் தொட்டுக் காட்டினார்.

"சூரியன்னா சிமிட்டத்தான் செய்யும். அதுக்குள்ள நீ என்னத்தப் பாக்கப் போற? முதல்ல எடுத்து அழிச்சியே, அதுதான் நாம தேடி வந்த படம்."

என் முகம் பேயறைந்த மாதிரி ஆகியிருக்க வேண்டும். அவர் அதட்டவில்லை, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நாளைக்கு ஒரு காலை இருக்கிறது, படம் வந்தால் படத்துக்குப் பின்னாலும் உன் பேப்பரிலும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

சாயங்காலம் முழுக்க அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு கேமராவை எடுத்து, முதல் வேலையாகத் திரையின் வெளிச்சத்தை இறக்கினேன். அறை விளக்கைச் சூரியனாக வைத்துக்கொண்டு கட்டிலையும் சுவரையும் சேர்த்துப் படமெடுத்தேன். கட்டிலில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒட்டகம், சொல்லியிருந்தால் சட்டை போட்டிருப்பேனே என்று அலுத்துக்கொண்டான். திரையைப் பார்த்தேன். பல்பு சிமிட்டியது. விரல் தானாகவே அழிக்கிற பட்டனுக்குப் போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். பல்பு இருந்த இடம் வெள்ளை ஓட்டை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சுவரில் ஈரம் ஏறிய கறை, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒட்டகத்தின் காலுறை, போர்வையில் சிந்திய பிஸ்கட் தூள் வரைக்கும். நல்ல படம், அக்கா. காலையில் நான் அழித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நாளைக்கு மேகம் வந்துவிட்டால் என்ன செய்வது, காற்றடித்துப் புல் ஆடினால் என்ன செய்வது என்று இப்போதே படபடப்பாக இருக்கிறது. அதெல்லாம் என் கையில் இல்லை. சூரியன் சிமிட்டினால் விட்டுவிட வேண்டும், அதைத் தாண்டி மேகமும் சிமிட்டினால் மட்டும் குறைக்க வேண்டும். அது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. நாலைந்து நிமிடம் என் கை என் பேச்சைக் கேட்டால் போதும்.

போன் இல்லாமலும் முடியாது, கேமராவை அதில்தான் இயக்குகிறேன். சத்தத்தை நிறுத்தி வைத்தாலும் அம்மா பெயரைத் திரையில் பார்த்தால் எடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல், அக்கா. நாளைக் காலை நானாகக் கூப்பிடும்வரை வீட்டிலிருந்து யாரும் எனக்கு போன் பண்ண வேண்டாம்.