இல்லை என்றால் 19-க்குச் செல்லவும்

சுபாங்கியின் சுடிதார் நாடாவை ஆரபி மூன்றாவது தடவையாக முடிந்தாள். பதினான்கு வயதுத் தங்கை அதை மறுபடியும் அவிழ்த்தாள்.

"அம்மா கட்டணும்."

"அம்மா கீழ இருக்காங்க சுபா. வா, வண்டி வந்துடும்."

சிங்கப்பூரில், அவர்கள் குடியிருந்த ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சவப்பெட்டிக்குள் அம்மா வைதேகி. முந்தாநாள் காலை சுபாங்கியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியவள், லிஃப்டுக்குக் காத்திருந்தபோதே சரிந்துவிட்டாள். மாரடைப்பு. ஐம்பத்து மூன்று வயது.

அக்காவும் தங்கையும் கீழே போக ஏறிய அதே லிஃப்டில் பக்கத்து வீட்டு சம்சுன்னிசாவும் ஏறினார்.

"ரெண்டு மூணு மாசமாவே நெஞ்சு வலி. உன்கிட்ட சொல்லச் சொன்னேன் லா."

"சொல்லவே இல்லையே ஆன்ட்டி."

"உன் ஃபார்ம்ல எழுதிக்கிறேன்னா. அப்புறம் கேட்டா, 'அது கேக்கவே இல்ல, தேங்க் யூ சொல்லி அனுப்பிடுச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல போல'ன்னு சிரிக்கிறா."

ஆரபியின் வேலையே அதுதான். சுபாங்கியைப் போல டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களின் உடல்நலம் குறித்து, கைபேசியில் நிரப்பும் கேள்வித்தாள் தயாரிப்பது. போன மாதம் முதலில் அம்மாவிடம்தான் கொடுத்துப் பார்த்தாள். பதினொன்றாம் கேள்வி: கடந்த மூன்று மாதங்களில் உங்களுக்காக மருத்துவரைப் பார்த்தீர்களா? 'இல்லை' என்றால் வலி, மூச்சுத்திணறல், தூக்கம் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக் கேள்வியான பத்தொன்பதுக்குப் போய்விடும். நேரமில்லாதவர்கள், கேள்விகள் குறையட்டும் என்று அவள்தான் அப்படி அமைத்தாள். அம்மா ஆறே நிமிடத்தில் முடித்தாள். "சுருக்கமா இருக்குடி." ஆரபிக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்குப் பிறகு இருநூற்று ஆறு பேர் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தார்கள்.

"கிளினிக் போயிருக்கலாமே," என்றாள் ஆரபி.

"அங்க அட்மிட் பண்ணிட்டா இவள யார்கிட்ட விட்டுட்டுப் போவா?" சம்சுன்னிசா சுபாங்கியின் தலையைத் தடவினார்.

லிஃப்ட் திறந்தது.

வாய்க்கரிசி போட அழைத்தார்கள். ஆரபி போட்டுவிட்டு நகர்ந்தாள். சுபாங்கி அரிசியைக் கொஞ்சமாக எடுத்து, அம்மாவின் உதட்டருகே மெல்ல வைத்தாள். மோவாயில் சிதறியதைக் கட்டைவிரலால் துடைத்தாள். நகராமல் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"மெதுவா," என்றாள் அம்மாவிடம்.

பிறகு திரும்பி அக்காவிடம் கையை நீட்டினாள்.

"தண்ணி."

கை நீட்டியபடியே இருந்தது.