இருபத்திரண்டு வயதுச் சம்பளம்

எனக்கு நாற்பத்தேழு வயது. என் சம்பளத்துக்கு இருபத்திரண்டு. இதைக் கண்டுபிடித்தவள் என் மகள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். எந்த வயதில் மனிதர்கள் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பதினெட்டில் தொடங்கி அறுபது வரை, வயதுக்கு ஒரு வரியாக அச்சடித்த பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது. அந்த நேரம் பார்த்து அதைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டு என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். விரலை நாற்பத்தேழில் வைத்தாள். மேலே நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே போனாள். இருபத்திரண்டில் வந்து நின்றது.

"படிச்சு முடிச்சதும் எனக்கு இது கிடைக்கும்மா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

அன்றைக்கு என் கொழுந்தனும் வந்திருந்தான். முப்பத்து நான்கு வயது. ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். அவன் சம்பளத்தைப் பட்டியலில் தேடினால் ஐம்பத்தொன்றில் இருந்தது. அவனுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஐம்பத்திரண்டு வயதுக்காரர். பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், இரவில் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கிறார். வேன் சம்பளத்துக்கு வயது இருபது. காவல் சம்பளத்தைப் பட்டியலில் காணோம். பதினெட்டுக்கும் கீழே. அது இன்னும் பிறக்கவே இல்லை என்றாள் மகள். சம்பளக் கணக்குப்படி இனிமேல் தம்பியைத்தான் அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லிச் சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை, பாவம், தலை குனிந்துகொண்டு சாப்பிட்டான். நானும் சிரிக்கவில்லை.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால் வேனைச் சிவப்பு விளக்கில் நிறுத்தினவர், அப்படியே தூங்கிப்போய்விட்டார். உள்ளே பதினோரு பிள்ளைகள். பச்சை விழுந்ததும் பிள்ளைகள் தட்டி எழுப்பின. அவர் விளையாடுகிறார் என்று நினைத்துக் கை வேறு தட்டினவாம். டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எதுவும் எழுதவில்லை. இரண்டு வேலையில் ஒன்றை விடச் சொன்னார், விடாவிட்டால் அடுத்த தடவை வண்டி நின்றுகொண்டிருக்காது என்றார். காவலை விட்டால் மகளின் படிப்பு நிற்கும். ஆக, அந்தப் பிறக்காத சம்பளத்தை வேறு யாராவது கொண்டுவந்தாக வேண்டும். வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான்.

நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறேன். முன்னால் முதலாளி உட்கார்ந்து கண் பரிசோதிப்பார், ஃப்ரேம் காட்டுவார். பின்னால் நான் லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து ஃப்ரேமுக்குத் தகுந்தபடி ஓரம் தேய்ப்பேன். என் பக்கத்தில் ஒருவர் உடைந்த ஃப்ரேம்களை ஒட்டுவார், வளைந்ததை நிமிர்த்துவார். இவ்வளவுதான் கடை. என் வேலையில் ஒரு முடி அளவு அதிகமாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் கழன்று விழும், குப்பையில்தான் போட வேண்டும். குறைவாகத் தேய்த்தால் உட்காராது. பத்தொன்பது வருஷமாக இப்படி அளந்து அளந்து எனக்கு எதையும் கூட்டவும் வராது, குறைக்கவும் வராது. மணி கேட்டால்கூட ஏழு பதின்மூன்று என்றுதான் சொல்வேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு லென்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு கண்ணாடியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்துக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். எனக்குத் தெரியும், என் வேலை அப்படித்தான் இருக்கும்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். இப்போது வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று ஒரு கட்டம். பழைய சம்பளத்துக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம். போகும்போதே என் வீட்டுக்காரர் அதில் கொஞ்சம் தாராளமாக எழுதச் சொல்லியிருந்தார். கொழுந்தனும் அதையே சொன்னான். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம், அதை எதிர்பார்த்துத்தான் அந்தக் கட்டத்தையே வைத்திருக்கிறார்களாம். கூட்டி எழுதக் கை வரவில்லை. வாங்குவதை, சில்லறை உட்பட, அப்படியே எழுதினேன். ஐந்தில் ஒரு பங்கு கூடினாலும் இருபத்தைந்து வயதுதான் ஆகும், அவர் காவல் வேலையை விடுவதற்கு அது போதாது. ஆனால் பெரிய இடம், வருஷா வருஷம் ஏற்றுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆள் எடுக்கும் பிரிவில் ஓர் அம்மா, என் படிவத்தை மேசை மேல் திருப்பி வைத்திருந்தார். நான் பொய்த் தகவல் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்ன பொய் என்று கேட்டேன். விசாரிப்பதற்காக என் முதலாளிக்குப் போன் செய்தார்களாம். அவர் எனக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகையை அந்த அம்மா ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். மகளின் பட்டியல் எனக்கு மனப்பாடம். அது முப்பத்தெட்டு வயதுச் சம்பளம்.

"கூட்டி எழுதுறவங்க தினமும் வர்றாங்க. குறைச்சு எழுதினது நீங்கதாம்மா முதல் ஆள். அதை என்ன செய்யணும்னு எங்களுக்கே தெரியல."

எது உண்மையோ அதை முதலாளியிடம் கடிதமாக வாங்கி, முத்திரையோடு கொண்டுவந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். சரி என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை.

கடைக்கு வந்தபோது வாடிக்கையாளர் யாரும் இல்லை. முதலாளி கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பார், பதிலுக்காக நிற்கவும் செய்வார். சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்தில் வேலை தேடினேன் என்று அவருக்கு வருத்தம். அதை ஆரம்பித்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு என்ன சம்பளம் என்று எழுதி முத்திரை குத்தி ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையை எழுதினால், போனில் சொன்னது பொய் என்று அந்தத் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துபோகும். அங்கேதான் அவர் சரக்கு எடுக்கிறார். போனில் சொன்னதை எழுதினால், அது அவர் கையெழுத்தோடு என் கையில் இருக்கும். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பின்னறையில் ஒட்டுகிறவர் வேலையை நிறுத்திவிட்டார் என்பது சத்தம் நின்றதில் தெரிந்தது.

"ஒண்ணு, குடுக்கறதை எழுதுங்க சார். இல்ல, சொன்னதைக் குடுங்க" என்றேன்.

"திடீர்னு போன் பண்ணிக் கேட்டாங்க. பத்தொன்பது வருஷம் வேலை பாத்தவளுக்கு இதான் குடுக்கறேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சும்மா. வாய் வரல."

"உங்களுக்கு ஒரு நிமிஷம் வெட்கமா இருந்துச்சு. நான் பத்தொன்பது வருஷமா அதை வாங்கிட்டுப் போறேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாதாடுவார் என்று பார்த்தேன், இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து சொன்னதையே தருவதாகச் சொன்னார். என் எதிரிலேயே சம்பள ஏட்டை எடுத்துப் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே, குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீ ஒரு தடவைகூட கேக்கலியேம்மா. ஒட்டறவரு வருஷா வருஷம் வந்து நின்னு கேப்பாரு, வருஷா வருஷம் குடுத்தேன். நீ கேட்டிருந்தா உனக்கும் குடுத்திருப்பேன்."

பின்னறைக்குப் போனேன். ஒட்டுகிறவர் என்னைப் பார்க்காமல் ஒரு ஃப்ரேமை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்திருந்த ஃப்ரேம்தான் அது. அவர் சம்பளத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சக்கரத்தைப் போட்டேன். அன்றைக்கு ஒரு லென்ஸை அதிகமாகத் தேய்த்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் குப்பையில் போட்டது எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொல்வேன், அதில் அதுவும் ஒன்று.

தொழிற்சாலையை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். புதுச் சம்பளத்தில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கையில் வரட்டும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு என்றால், கிட்டத்தட்ட என் வயதுக்கே வந்துவிடுவேன். இந்தத் தடவை முதலாளியிடம் சொல்லிவிட்டே போவேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்தக் கணக்கைப் போடத்தான் பார்த்தேன். மனசு வேறு கணக்குப் போட்டது. என் வீட்டுக்காரர் காவலுக்குப் போக ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஆறு ராத்திரி. பெருக்கிப் பார்த்தேன், நான் பெருக்கினால் தப்பாக வராது. இரண்டாயிரத்து எண்ணூற்றுக்கு மேல் வந்தது. அத்தனை ராத்திரியும் ஒரு கேள்விக்காகப் போயிருக்கிறது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நல்ல வேலைக்காரி என்று முதலாளியாகப் பார்த்துத் தரட்டும் என்று, பெருமையாக உட்கார்ந்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஜன்னல் பக்கம் இடம் விட்டுக் கொடுத்தாள்.

அவர் காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தார், இன்னொன்று கையில் இருந்தது. முதலாளியிடம் கேட்டேன், சம்பளம் கூடிவிட்டது, முப்பத்தெட்டு என்றேன். அவர் மனக்கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது. வித்தியாசம் காவல் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. கையில் இருந்த பூட்ஸைக் கீழே வைத்தார். மாட்டியிருந்ததையும் கழற்றினார். இந்த மாதம் முடிந்ததும் வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்டார். சொல்லுங்கள், முடிந்தால் நாளையிலிருந்தே என்றேன். போன் செய்து சொன்னார். அந்தப் பக்கம் மறுப்பு எதுவும் இல்லை போலிருக்கிறது, பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்தது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் போய்வருகிறேன் என்று பூட்ஸைத் திரும்ப எடுத்தார். எடுத்தவர் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"முன்னாடியே, நான் இந்த வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே கேட்டிருந்தா, குடுத்திருப்பாரா?"

அவருக்குக் கண் இரண்டும் சிவந்திருந்தது. ஒன்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, எனக்குப் பழகிப்போய்விட்டது.

"குடுத்திருக்க மாட்டாரு" என்றேன்.

"அதானே" என்று சொல்லிவிட்டு, லேஸை இழுத்துக் கட்டினார்.