கரதர

எங்க தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்குற பொம்பளைங்க மேல எவன் கை வச்சாலும் "அவன் கரதர பண்றான்"னு ஒரே வார்த்தைதான். அதுக்கு மேல யாரும் நோண்டமாட்டாங்க, புரிஞ்சிக்குவாங்க. அது சிங்கள வார்த்தை. சிங்களத்துல வெறும் தொந்தரவுன்னுதான் அர்த்தம், பஸ் பிந்துனாலும் கரதரதான். அந்த வித்தியாசம் என் மரமண்டைக்கு அன்னிக்கு ஏறல.

2004, கெம்பஸ்ல கடைசி வருசம். என் ஆய்வுக் கட்டுரைக்குப் பொறுப்பா இருந்த சேர், தாளைத் திருத்துற சாக்குல பின்னால வந்து நின்னு என் மாரைப் பிடிச்சிட்டாரு. ஒதறிட்டு ஓடியாந்தேன். அவரு கையெழுத்து இல்லாம டிகிரி இல்ல. வேற சேர் மாத்திக் குடுங்கன்னு கேட்டு கெம்பஸ் ஆபீசுல முறைப்பாடு செய்யப் போனேன். என் ரூம்ல இருந்த நூரியாதான் "பயப்படாம போடி"ன்னு தள்ளிவிட்டா.

கவுண்டர்ல எனக்குப் பின்னால ஏழெட்டுப் பையன்க வரிசையில நிக்கிறாங்க. "என்ன செஞ்சாரு?"ன்னு கிளார்க் அம்மா சிங்களத்துல சத்தமா கேக்குது. வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. "சேர் எனக்குக் கரதர பண்ணுனாரு"ன்னு சிங்களத்துலயே சொன்னேன். அப்படியே டைப் அடிச்சாங்க, கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சுத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. மூணு ஆம்பளைங்க. "என்ன கரதர? புள்ளியைக் கொறச்சிட்டாரா? ஏசுனாரா?"ன்னு தலைவர் கேட்டாரு. அடப்பாவிகளா! எனக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க தொட்டாரு, எப்படித் தொட்டாருன்னு ஒண்ணுவிடாம சிங்களத்துல சொன்னேன். எங்க ஊரு ஓப்பநாயக்க கடையிலயும் பஸ்ஸுலயும் பழகுன சிங்களம், எங்கயும் தடுமாறல.

தலைவர் பேனாவை மூடினாரு. "இவ்வளவு நல்லா சிங்களம் பேசுற புள்ள, அன்னிக்கு ஏன் இதைச் சொல்லல? ரெண்டு மாசத்துல கதை வளந்திருக்கே."

"எங்க தோட்டத்துல கரதரன்னா இதுதாங்க சேர்."

பக்கத்துல இருந்தவரு சிரிச்சாரு. நாசமாப் போக!

கடிதம் வந்துச்சு. முதல் வாக்குமூலத்துல இல்லாததை ஏத்துக்க முடியாதாம். அதே சேர்கிட்டயே கட்டுரையை முடிக்கணுமாம். மறுபடி கதையை மாத்துனா, பொய் முறைப்பாடுன்னு என் மேலயே நடவடிக்கையாம். நூரியா படிச்சிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு அம்மாவுக்கு போன் பண்ணுனேன். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள, "சரோனு, ஃபாதர் கோயில்ல உன் பேரைச் சொல்லிப் பூசை வச்சாரும்மா. லயத்து வீடுகள்லயே மொத டிகிரின்னு எல்லாரும் பேசுறாங்க"ன்னு சொல்லிச்சு. சரிம்மான்னு வச்சிட்டேன்.

பொதன்கெழமை சேர் ரூம் வாசல்ல நின்னபடியே தாளை நீட்டினேன். அவரு வாங்கல.

"கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க"ன்னாரு.

சாத்தினேன்.