கூரைக்குள் பல்லி

என் வீட்டில் நான் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரே இடம் கூரைக்கடியில் இருக்கும் லொஃப்ட். நான் நிம்மதியாக இருந்த ஒரே இடமும் அதுதான். இதைப் படித்து யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம், நானாகத் தேடிக்கொண்ட வினை.

எங்களுடையது ரெய்னர்ஸ் லேனில் ஒரு மேல்மாடி வீடு. கீழே வேறு குடும்பம், மேலே கூரை எங்களுக்கு. நடையின் உட்கூரையில் ஒரு சதுர மூடி இருக்கிறது. ஏணி வைத்து அதைத் தள்ளி ஏறினால் பழைய சூட்கேஸ்கள், மகள் தாரகா சின்னவளாக இருந்தபோது வாங்கிய கிறிஸ்மஸ் மரம், உடைந்த தையல் மெசின். இவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய மூடிபோட்ட வாளியும் நாற்பது போத்தல்களும். வாளிக்குள் பியர்.

வெளியில் நான் தேவராசா அண்ணை, கோயில் செயலாளர். மச்ச மாமிசமும் இல்லை, மதுவும் இல்லை என்று பெயர் எடுத்தவர். என் மனைவி நகுலேஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம்கூட உரிக்கமாட்டாள்.

நான் குடிகாரன் இல்லை. எல்லாக் குடிகாரரும் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று தெரியும், என்றாலும் சொல்கிறேன். ஜெர்மனியில் ஆறு வருடம் இருந்தும் பியரைத் தொடாதவன் நான். லண்டனுக்கு வந்து ஒரு பப்பின் குசினியில் கோப்பை கழுவினேன். முதல் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பப்காரர் கென் ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தார். தேத்தண்ணிச் சாயத்தின் நிறம். குளிரவுமில்லை, பெரிதாக நுரையுமில்லை. டின்ஸ்லோ பெஸ்ட் பிட்டர் என்று பெயர், பிட்டர் என்றால் இங்கிலிஷ்காரரின் கசப்புப் பியர். முதலில் கசந்தது, பிறகு கருகிய பாகின் இனிப்பு மெல்ல வந்தது. அந்தக் கிளாஸ் முடியும்வரை என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. விசா என்னாயிற்று, தங்கச்சிக்கு எப்போது மாப்பிள்ளை பார்ப்பாய், ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கால்மணி நேரம் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த பப்பை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். டின்ஸ்லோ கம்பனியும் மூடியாயிற்று. கடையில் கிடைக்காததை நம் ஆட்கள் வீட்டில் செய்வார்கள், மிளகாய்த்தூள் அப்படித்தான், தோசைமா அப்படித்தான். நானும் அதைத்தான் செய்தேன்.

முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்புக்குக் கென்ட் பக்கத்து ஹொப்ஸ் பூ, இங்கிலிஷ் பியருக்கான ஈஸ்ட், எல்லாம் தபாலில் வந்தன. முதல்தரம் செய்தது கோப்பை கழுவிய தண்ணீர்போல இருந்தது. மூன்றாவது, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மணத்தது. குழாய்த் தண்ணீரின் குளோரின் செய்த வேலை என்று பிறகுதான் படித்தேன். ஐந்தாவதில் நிறம் சரி, கசப்பும் சரி, அந்தக் கடைசி இனிப்பு மட்டும் வரவில்லை. டின்ஸ்லோக்காரர் வெறும் சீனி போடவில்லை, பாகு காய்ச்சிப் போட்டிருக்கிறார்கள் என்று அங்கே வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் இணையத்தில் எழுதியிருந்தார். சீனிக்குள் எலுமிச்சம்புளி விட்டு மூன்று மணித்தியாலம் காய்ச்சினேன். நகுலேஸ்வரி வந்து மணந்து பார்த்தாள். கோயிலுக்குப் பஞ்சாமிர்தம் என்றேன். இந்த வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

தாரகாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு சூட்கேஸ் எடுக்க ஏறியவள் கண்டுபிடித்துவிட்டாள். தாயிடம் சொல்லவில்லை. வாளி மூடியில் செருகுகிற குமிழிக் குழாயையும் அவள்தான் வாங்கித் தந்தாள். சின்னப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே இரண்டு கரண்டித் தண்ணீர். பியர் புளிக்கும்போது காற்று அந்தத் தண்ணீருக்குள்ளால் வெளியேறும். ஒவ்வொரு தரமும் ‘பிளுக்’ என்று ஒரு சத்தம் வரும்.

போன வியாழக்கிழமை, ஹீத்ரோவில் என் ஷிப்ட் முடிய தாரகாதான் காரில் கூட்டிவந்தாள். ஹவுன்ஸ்லோ தாண்டியதும் சொன்னாள்.

“அப்பா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்.”

“பெடியன் நல்ல பெடியன் எண்டு சொல்லுகினம்.”

“நல்ல பெடியன்தான். ரெண்டு தரம் கோப்பிக்குப் போனனாங்கள். எனக்கு ஒண்டும் தோணேல்லை, அவருக்கும் தோணேல்லை. அம்மாட்டச் சொன்னால் அழுவா. நீங்கள் சொல்லுங்கோ. ப்ளீஸ் அப்பா.”

‘யோசிச்சுச் சொல்லுறம்.’ எங்கள் ஆட்களிடம் ‘வேண்டாம்’ என்பதற்கு இதுதான் சொல். பெண்ணின் தகப்பன் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள், மறுநாள் வேறு வீடு பார்ப்பார்கள். தகப்பன் சபையில் இருந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். “நான் சொல்லுறன் பிள்ளை” என்றேன். அவள் சிக்னலில் நின்றபோது என் கையை ஒருமுறை பிடித்துவிட்டாள். இருபத்தொன்பது வயதில் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மத்தியானம் நகுலேஸ்வரி பூவும் பலகாரமும் வாங்கப் போனாள். நான் கோயிலுக்குப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு நேரே லொஃப்டில் ஏறினேன். ஆறாவது தரம் செய்த போத்தல்கள் அன்றைக்குத்தான் பதம் வந்திருந்தன. ஏழாவது தரம் செய்தது வாளியில் புளித்துக்கொண்டிருந்தது. ஹோலுக்கு நேர் மேலேதான் பலகை அடித்திருக்கிறது, கீழிருந்து வரும் சூடும் அங்கேதான். அதனால் வாளி அங்கே.

ஒரு போத்தலைத் திறந்தேன். பாகு கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். நுரை குமுறி வந்து முகம், சேர்ட், கட்டியிருந்த சாரம் எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. மிஞ்சியதைக் குடித்தேன். கசப்பு. பிறகு, மெல்ல, அந்தப் பாகு. கென்னின் கிளாஸில் இருந்த அதே டின்ஸ்லோ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

தாரகா ஏணியடிக்கு ஓடிவந்தாள். “அப்பா, அவை வந்திட்டினம்! அம்மாவும் வாசலிலை அவையோடை நிக்கிறா. மணக்குதோ?”

“உச்சியிலயிருந்து கால்வரைக்கும்.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். நான் மூடியை இழுத்து மூடினேன். என் கைத்தொலைபேசி கீழே சார்ஜில் கிடந்தது.

உட்கூரையில் மின்விளக்குகளுக்காக வெட்டிய துளைகளால் வெளிச்சமும் மேலே வந்தது, பேச்சும் வந்தது. முதலில் மாப்பிள்ளையின் தாய் சந்திரவதனாவின் குரல்.

“பின்னேரம் இராகு காலம் எல்லே. முடியுமட்டும் ஏன் பாத்துக்கொண்டிருப்பான் எண்டு முதலே வெளிக்கிட்டிட்டம்.”

“நல்லதாப் போச்சு, இருங்கோ. இவர் கோயில் அலுவலாப் போட்டார், இப்ப வந்திடுவார்,” என்றாள் நகுலேஸ்வரி.

நான் மண்டியிட்டபடி இருந்தேன். பலகை இல்லாத இடத்தில் காலை வைத்தால் உட்கூரை உடைந்து நேரே சந்திரவதனாவின் மடியில் விழுவேன். முழங்கால் நோவெடுத்தது. சேர்ட் உடம்போடு ஒட்டிக் குளிர்ந்தது. இருமல் வந்தது, விழுங்கினேன்.

“குறை நினையாதேங்கோ, கேக்கத்தானே வேணும்,” என்றாள் சந்திரவதனா. “வீட்டிலை குடிவகைப் பழக்கம் ஏதும்...?”

“சிவ சிவா! உந்த மணமே இந்த வீட்டுக்குள்ள வந்ததில்லை.”

பிளுக்.

கீழே பேச்சு நின்றது. பிறகு யாரோ விரலால் கதிரைக் கையில் மூன்று தரம் தட்டும் சத்தம்.

“பல்லி!” என்றாள் சந்திரவதனா. “கேட்டீங்களே? உண்மையெண்டு பல்லி சொல்லுது.”

“லண்டனிலை எங்கயப்பா பல்லி?” இது அவளுடைய கணவர் யோகராஜா.

“கொழும்பிலயிருந்து வாற மரக்கறிப் பெட்டியளோடை வந்திருக்கும். நீங்கள் சும்மா இருங்கோ.”

நகுலேஸ்வரியும் தட்டினாள், பல்லி சொன்னால் அப்படித் தட்டி ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். முப்பத்தொரு வருடமாக அவள் தட்டுவதைக் கேட்கிறேன், எனக்குத் தெரியும். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதற்குப் பிறகு பல்லிதான் சபையை நடத்தியது. மகன் சுஜீத் கெட்டிக்காரன் என்றார்கள், பிளுக். குறிப்பில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார்கள், பிளுக். ஒவ்வொன்றுக்கும் கீழே விரல்கள் தட்டின. நான் மேலே இருந்து ஒவ்வொன்றுக்கும் செத்தேன். தாரகாவின் குரல் ஒரு தரமும் கேட்கவில்லை.

“தையிலை நாள் எடுப்பம்,” என்றாள் சந்திரவதனா. “தாலிக்குப் பொன்னுருக்க முதல் கிழமையே நல்லாயிருக்கு. தேவராசா அண்ணை வரட்டும் எண்டுதான் பாக்கிறன். ஆனால் பல்லியே சொல்லேக்க அவர் என்ன சொல்லப் போறார்?”

இறங்கலாம். மூடியைத் தட்டினால் யாராவது ஏணி கொண்டுவருவார்கள். ஆனால் இறங்குகிறவன் செயலாளராக இறங்கமாட்டான். நாளைக்கே கோயில் முழுக்கக் கதை. நகுலேஸ்வரி ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பெண்களுக்குள் போய் இருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அறுபது வயதில் ஒரு வாளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, என் பிள்ளையைவிட என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

“அப்ப பிள்ளைக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டாள் சந்திரவதனா.

“முழுச் சம்மதம்,” என்றாள் நகுலேஸ்வரி.

நான் பாய்ந்து பெருவிரலால் குழாயின் வாயை அமுக்கிப் பிடித்தேன். வேறொன்றும் செய்யத் துணிவில்லை. விரலுக்கடியில் காற்று முட்டியது. வாளி மூடி மெல்ல உப்பத் தொடங்கியது. அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். பல்லி சொல்லவில்லை.

“என்ன, இதுக்குமட்டும் சத்தத்தைக் காணேல்லை?” சந்திரவதனாவின் குரல் இறங்கிவிட்டது.

பல்லி எது என்று தெரிந்த ஆள் கீழே ஒருத்தி இருந்தாள். அது ஏன் வாயடைத்தது என்றும் அவளுக்கு விளங்கியிருக்கும். அப்பா ‘வேண்டாம்’ என்கிறார், ஆனால் இறங்கி வந்து சொல்லமாட்டார். இரண்டுமே அவளுக்கு விளங்கியிருக்கும்.

“அப்பாட்டையே கேளுங்கோ, அன்ரி,” என்றாள் தாரகா. “அவர் மேலதான் இருக்கிறார்.”

காலடிகள் கேட்டன. குளியலறைக் கதவு திறந்தது. ஏணி வந்து சுவரில் முட்டியது. மூடியைத் தள்ளினேன். கீழே தாரகா ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கோபப்படவுமில்லை. வாங்கோ என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இறங்கிப் போய் ஹோல் வாசலில் நின்றேன். என் மணம் எனக்கு முன்னால் போய்விட்டது. சந்திரவதனா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். நகுலேஸ்வரி எழுந்து நின்றவள் அப்படியே நின்றாள்.

‘யோசிச்சுச் சொல்லுறம்’ என்று சொல்ல தோய்த்து உலர்ந்த ஒரு சேர்ட் வேண்டும். அது என்னிடம் இல்லை.

“அது பல்லியில்லை,” என்றேன். “நான் காய்ச்சிற பியர். பிள்ளைக்குச் சம்மதமில்லை. வியாழக்கிழமையே என்னட்டச் சொல்லிப்போட்டாள். நான் பயத்திலை மேல இருந்திட்டன்.”

தாய்க்குப் பக்கத்தில் இருந்த சுஜீத் மெல்ல மூக்கை உறிஞ்சி, “பிட்டரோ, அங்கிள்?” என்றான். தாய் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து நிமிடத்தில் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள். தேத்தண்ணி யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தது.

தாரகா என் தோளில் ஒருமுறை நெற்றியை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். ஈரச் சேர்ட்டை அவள் பொருட்படுத்தவில்லை. நான் நகுலேஸ்வரிக்கு எதிரே இருந்தேன். அவள் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பஞ்சாமிர்தம் எண்டீங்கள்,” என்றாள் கடைசியாக.

“ஓம்.”

“உங்களை எண்டைக்காவது நான் சந்தேகப்பட்டிருக்கிறனோ?”

“இல்லை.”

“இனி நீங்கள் சொல்லுற ஒண்டையும் நான் நம்பமாட்டன். சாகுமட்டும் நம்பமாட்டன்.”

மேலே, பிளுக்.

அவளுடைய விரல் தன்பாட்டில் மேசையை மூன்று தரம் தட்டியது.