பயண வரிசையில் பன்னிரண்டாவது புத்தகம்

பதிப்பாளர் மாதங்கி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். துரைராசு ஆறு மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இவ்வளவு நடை நடக்க மாட்டார்கள். வயது அறுபத்து மூன்று. மன்னார்குடிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி நாலு ஏக்கர் நிலம். குறுவை அறுத்த நெல் ரோட்டோரம் காய்ந்துகொண்டிருந்தது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டும் வந்தது. வேறு நாளாக இருந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அன்றைக்கு அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை.

அவருடைய புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது. அதில் இருப்பது அத்தனையும் பொய்.

பதினோரு வருடம் வளைகுடாவிலிருந்து மனைவி தங்கமணிக்கு எழுதிய கடிதங்கள்தான் அந்தப் புத்தகம். பெரிய அரபி வீட்டில் டிரைவர் வேலை, முதலாளி குடும்பம் எங்கே போனாலும் கூடவே போக வேண்டும், இந்த மாதம் கெய்ரோ, அடுத்த மாதம் இஸ்தான்புல், கோடைக்கு லெபனான் மலை. இப்படித்தான் எழுதினார். போனில் நலம் விசாரிப்பார், கடிதத்தில் ஊர் சுற்றுவார். நிஜத்தில் அவர் ஷார்ஜாவைத் தாண்டிப் போனதே கிடையாது. ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கிற ஒரு சலவைக் கூடத்தில் பதினோரு வருடமும் கழிந்தது.

அங்கே அவருக்கு முதல் வேலை பாக்கெட் பார்ப்பது. ஓட்டலில் தங்குகிறவர்கள் துணியை மூட்டை கட்டிப் போட்டுவிடுவார்கள். ஒரு சட்டைப் பையில் ஒரு பேனா இருந்துவிட்டால் போதும், ஒரு மெஷின் துணியும் பாழ். அதனால் ஒவ்வொரு பையிலும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். காசு கிடைத்தால் சூப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும். காகிதத்தைக் குப்பையில் போடலாம். துரைராசு போடவில்லை. படகுச் சீட்டு, மியூசியம் சீட்டு, ஊர் வரைபடம், டீக்கடை பில் எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் சேர்த்துவைத்தார். பக்கத்துக் கட்டில்காரன் ஒரு எகிப்துக்காரன், படித்தவன். அவனிடம் சீட்டை நீட்டி இது எந்த இடம், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து, போகாத ஊருக்குப் போய்விட்டு வருவார்.

உள்ளதை எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் வளர்ந்த வீடு அப்படி. அந்த வீட்டுத் துணியைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணுசாமி குடும்பம்தான் வெளுத்தது. கண்ணுசாமி இவரைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் இவர் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவரை வா, போ என்றுதான் கூப்பிடுகிறார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கடல் கடந்து போய், ஊர் பேர் தெரியாதவன் படுத்து எழுந்த விரிப்பை வெளுக்கிறான் என்று எப்படி எழுதுவார்? வறட்டு கௌரவம்தான். ஆனால் அதைச் சுமந்தவருக்குத்தானே அதன் பாரம் தெரியும்.

ஊருக்குத் திரும்பிப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. பொய்யும் பழகி, உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. தங்கமணி சும்மா இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். போன வருடம் அவள் தஞ்சாவூர்ப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், மடைவாய் பதிப்பகம் என்கிற சின்னக் கடையில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடிதக் கட்டை அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டாள். ‘உங்கள் கடிதங்களை எங்கள் பயண வரிசையில் பன்னிரண்டாவது புத்தகமாக வெளியிட விரும்புகிறோம்’ என்று பதில் வந்த அன்றைக்கு துரைராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். தங்கமணியின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

மாதங்கி கல்லூரி வேலையை விட்டுவிட்டு அந்தப் பதிப்பகம் வைத்தவர். அவருடைய பட்டியலைப் பார்த்தால் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கும், எல்லாமும் இருக்கும். சுவாமிமலையில் சிலை வார்க்கிற வீட்டு மருமகள் எழுதிய நாவல் இருக்கும். பக்கத்திலேயே முத்துப்பேட்டைப் படகுக்காரரின் தன்வரலாறு. மங்களாம்பிகை டீச்சரின் வடநாட்டு யாத்திரை, அதில் பாதிப் பக்கம் சாப்பாடு சரியில்லை என்கிற புகார். கதை, பயணம், தன்வரலாறு என்று மூன்று வரிசை வைத்திருந்தார். விற்குமா விற்காதா என்று பார்ப்பதில்லை, தனக்குப் பிடித்திருந்தால் போடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் முன் எழுதியவர் வீட்டுக்கே வந்து, வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து, புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பார். ஒருமுறை ஒரு தன்வரலாறு வெளிவந்த மூன்றாம் நாளே எழுதியவரின் தம்பி வக்கீலோடு வந்து நின்றாராம். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. ஆட்சேபணை இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள், பிறகு வராதீர்கள் என்று அர்த்தம்.

பத்து மணிக்கு வந்தார். காபி குடித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நல்ல குரல். கெய்ரோவின் சந்தையும் நைல் நதிப் படகும் அந்த ஹாலுக்குள் வந்து இறங்கின. துரைராசு கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமணி அரிவாள்மணையை ஓரமாக வைத்துவிட்டுக் கன்னத்தில் கையூன்றிக் கேட்டாள். இஸ்திரி போட்ட துணியைக் கொடுக்க வந்த கண்ணுசாமி, மூட்டையை இறக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

இஸ்தான்புல் முடிந்ததும் மாதங்கி நிமிர்ந்தார்.

“இந்த அத்தியாயம்தாங்க எனக்கு உசுரு. கோட்டைச் சுவருக்குக் கீழ ஒரு டீக்கடை எழுதியிருக்கீங்களே, நாலே நாலு முக்காலி போட்ட கடை, ஒத்தைக் கண்ணு கிழவர் டீ போடுறாரு. நம்ம மங்களாம்பிகை டீச்சர் இதைப் பிரூஃப்லயே படிச்சுட்டு டிக்கெட்டே போட்டுட்டாங்க. அடுத்த மாசம் கிளம்புறாங்க. அறுபத்தெட்டு வயசு, தனியா. அந்தக் கடையில டீ குடிக்காம திரும்ப மாட்டேங்கிறாங்க. படகுத்துறையில இறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

அந்தக் கடை எங்கேயும் இல்லை. ஒரு பேண்ட் பையில் கிடைத்த கசங்கின டீ பில் இருந்தது, அவ்வளவுதான். முக்காலி துரைராசுவுடையது. ஒத்தைக் கண் கிழவரும் அவருடையவர், கூத்தாநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே உட்காரவைத்திருந்தார். இடது பக்கம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒரு வயதான பெண்பிள்ளை மொழி தெரியாத ஊரில், கையில் இவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பார்.

“போக வேணாம்னு சொல்லுங்க” என்றார்.

“ஏங்க?”

“அங்க கடை இல்லை. நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. எந்த ஊருக்கும் போனதில்லை.” ஒருமுறை வாய் திறந்ததும் நிறுத்த முடியவில்லை. டிரைவர் வேலை பொய் என்றார். சலவைக் கூடம் என்றார். பாக்கெட் பார்த்தது, சீட்டு சேர்த்தது, எகிப்துக்காரன் எல்லாம் சொன்னார். தங்கமணி பக்கம் திரும்பாமலே சொல்லி முடித்தார். “உன்னை ஏமாத்திட்டேன் தங்கம்” என்றார்.

தங்கமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியுமே” என்றாள்.

துரைராசு இப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“மொத லீவுல வந்தீங்கள்ல, மறுநாள் காலையில போர்வையை மடிச்சீங்க. நாலு முனையும் சேர்த்துப் பிடிச்சு, ஒரே உதறல், கையால ஒரு நீவு. கடையில வாங்குன மாதிரி இருந்துச்சு. காரோட்டுறவருக்கு அந்தக் கை எங்கிருந்து வரும்? துணி வேலைதான் பாக்குறீங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் கேட்கலை?”

“கேட்டா கடுதாசி நின்னுடும்ல. பதினைஞ்சு நாளுக்கு ஒருக்கா ஒரு ஊரு வந்துச்சு. மாமியார், மாடு, நடவு, களைன்னு கிடந்தவளுக்கு வேற என்ன இருந்துச்சு? நீங்களும் போகல, நானும் போகல. ரெண்டு பேரும் சேந்துதானே போனோம்.”

மாதங்கி கண்ணாடியைக் கழற்றினார். “ஏங்க, தெரிஞ்சுமா எனக்கு அனுப்பினீங்க?”

“நான் கதைன்னு நினைச்சுத்தாங்க அனுப்பினேன். நீங்கதான் கதையும் போடுறீங்களே. பயணம்னு நீங்களாத்தான் போட்டுக்கிட்டீங்க. இவரும் ஒண்ணும் சொல்லலையா, சரி, புத்தகக்காரங்க வழக்கம் போலிருக்குன்னு இருந்துட்டேன்.”

மாதங்கி சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணும் கலங்கியது. “பட்டியலே அச்சாயிடுச்சு. டீச்சருக்கு முதல்ல போன் பண்ணணும். இனி இது எந்த வரிசைன்னு எனக்கே தெரியல” என்றார்.

துரைராசுவுக்கு நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இருபத்தேழு வருடம் பயந்தோம் என்று நினைத்தார். அப்போதுதான் வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி வரும்?”

கண்ணுசாமி. அவர் அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

“விரிப்பு மட்டும் மூவாயிரம்” என்றார் துரைராசு.

“யப்பாடி! ரத்தக்கறை, எண்ணெய்க்கறை எல்லாம்?”

“ரத்தம்னா பச்சைத் தண்ணி. வெந்நி பட்டா புடிச்சுக்கும். எண்ணெய்க்குத் தனி மருந்து, அரை மணி ஊறணும். அப்புறம் பெரிய உருளை ஒண்ணு இருக்கும், கண்ணுசாமி. ஈர விரிப்பை இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் காய்ஞ்சு, இஸ்திரி போட்டு வரும். சூடு சுள்ளுனு இருக்கும். ரெண்டு பேர் வாங்கி மடிக்கணும். ஒரு நிமிஷத்துக்கு நான் ஆறு மடிப்பேன்.” துரைராசுவின் கைகள் காற்றில் மடித்துக் காட்டின. பதினோரு வருடம் செய்த வேலையைப் பற்றி அவர் ஒரு மனிதரிடம் இப்படி விவரமாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்திருந்தது.

கண்ணுசாமியின் முகம் மலரவில்லை.

“நீங்க ஊருக்கு வந்து பதினாறு வருசம் ஆச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த வாசலுக்கு வர்றேன். ஒரு நாள்கூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலையே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “பொண்டாட்டிகிட்ட மறைச்சீங்க, அது வேற. இந்த ஒரு வேலையை மறைக்க இத்தனை ஊரு வேண்டியிருந்துச்சா ஐயா? எங்கப்பன் பாத்த வேலை. நானும் அறுபது வருசமா பாக்குறேன்.”

மனைவி மன்னித்துவிட்டாள். பதிப்பாளர் சிரித்துவிட்டார். ஆனால் தன் பொய் யாரைக் குத்திக்கொண்டே இருந்தது என்று துரைராசுவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. வாய்க்கு வந்த சமாதானம் எதையும் சொல்ல அவருக்கு மனமில்லை.

“ஆமா” என்றார். “நீங்க பாக்குற வேலையை நான் பாத்தேன்னு சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு.”

கண்ணுசாமி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இப்ப சொன்னீங்கள்ல, அது அந்தப் புத்தகத்துல இருந்தா எனக்கும் ஒண்ணு குடுங்க. பேத்தி படிச்சுக் காட்டும். இல்லேன்னா வேணாம்.”

அவர் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். துரைராசு மாதங்கியிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார். கட்டின் முதல் தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில், கண்ணுசாமியிடம் ஒப்புக்கொண்ட அந்த வரியைச் சொன்னபடியே எழுதினார். மழை பிடித்துக்கொண்டது, நெல் நனையும் என்று தங்கமணி கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். அவர் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.